எச்-பிளான்ட்டில் ஷார்ட், மில் நிற்கவில்லை

போன வியாழக்கிழமை ராத்திரி 11:40-க்கு போன் வந்தது. எச்-பிளான்ட் ஃபேன் மோட்டார் டெர்மினல் பாக்ஸில் மறுபடியும் ஷார்ட். நான் முதலில் கேட்டது "மில் ஓடுதா?" என்றுதான். ஷிஃப்ட் எலக்ட்ரீஷியன் பதில் சொல்வதற்கு முன்னாலேயே போனில் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இரைச்சல் கேட்டது. "ஓடுதுங்க சார், எச்-பிளான்ட் பேனல் மட்டும்தான் விழுந்திருக்குது" என்றார். அந்த ஒரு வரிக்காக ஐந்து மாதம் வேலை பார்த்திருக்கிறேன். மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன், இதே தொல்லையில் இருக்கும் யாருக்காவது பயன்படும்.

இடம், உடுமலைப் பக்கம் 12,000 கதிர் ஓடும் ஒரு நூற்பாலை. 22 கே.வி. எச்.டி. (உயர் அழுத்த) சர்வீஸ், 1000 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று, 22 கே.வி. பக்கம் வி.சி.பி. என்ற பிரேக்கர், 433 வோல்ட் பக்கம் மெயினாக 1600 ஆம்பியர் ஏ.சி.பி. பிரேக்கர், அதற்குக் கீழே 630, 400, 250 ஆம்பியர் எம்.சி.சி.பி. என்ற சிறிய பிரேக்கர்கள். கரண்ட் அளவு மீறினால் பிரேக்கர் தானாகத் திறந்துகொள்வதைத்தான் விழுவது என்கிறோம். எச்-பிளான்ட் என்பது பஞ்சுக்கும் நூலுக்கும் வேண்டிய ஈரப்பதத்தைக் கொடுக்கும் பிளான்ட். அங்கே எப்போதும் தண்ணீர்ச் சாரல், காற்றில் பஞ்சுத்தூசி. ஈரமான தூசி டெர்மினல் பாக்ஸுக்குள் படிந்தால் ஒரு நாள் ஃபேஸும் ஃபேஸும் சேர்ந்துவிடும். அதை முழுக்கத் தடுக்க முடியவில்லை. ஆனால் 22 கிலோவாட் மோட்டார் ஒன்றில் ஷார்ட் ஆனால் மெயின் ஏ.சி.பி. விழுந்து மில் முழுக்க இருட்டாகக் கூடாது, இல்லையா? எங்களுக்கு அதுதான் நடந்துகொண்டிருந்தது. ரிங் ஃபிரேம்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றால் ஆயிரக்கணக்கான கதிரில் நூல் அறுந்து கிடக்கும். பெண்கள் ஒவ்வொன்றாக ஒட்டி எடுத்து மில் பழைய வேகத்துக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

முதல் தடவை போய்ப் பார்த்தபோது எச்-பிளான்ட்டுக்கான 250 ஆம்பியர் எம்.சி.சி.பி.யும் விழுந்திருந்தது, மெயினும் விழுந்திருந்தது. எம்.சி.சி.பி. பழசு, மெதுவாக விழுகிறது, அதற்குள் மெயின் முந்திக்கொள்கிறது என்று முடிவு கட்டி 16,500 ரூபாய்க்குப் புதிது வாங்கிப் போட்டேன். ஆறு வாரம் கழித்து அதே இடத்தில் ஷார்ட், அதே போல இரண்டும் விழுந்தன. அந்தப் பணம் வீண். பழைய எம்.சி.சி.பி.யில் எந்தக் கோளாறும் இல்லை, இப்போது ஸ்பேராக அலமாரியில் இருக்கிறது.

மூன்றாவது சம்பவம் வேறு இடம். ஸ்பின்னிங் பகுதிக்குக் கரண்ட் போகும் ஃபீடரில், கேபிளை இறுக்கிப் பிடிக்கும் கிளாண்டில், பேனலுக்கு மிக அருகில். அன்றைக்கு 22 கே.வி. வி.சி.பி.யும் சேர்ந்து விழுந்தது. ரீசெட் செய்து டிரான்ஸ்ஃபார்மரைத் திரும்ப சார்ஜ் செய்யும்போது வி.சி.பி. உடனே விழுந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது, டிரான்ஸ்ஃபார்மரே போய்விட்டதோ என்று நினைத்தேன். பக்கத்தில் நின்ற மூத்த வயர்மேன் அண்ணன் சாதாரணமாகச் சொன்னார்: "முதல் தடவை நிக்காதுங்க, ரெண்டாந்தடவை போட்டா நின்னுக்கும்." போட்டார். நின்றுகொண்டது. அவர் இந்த மில்லில் பதினைந்து வருடமாக இருப்பவர், இது எப்போதும் இப்படித்தான் என்றார். ராத்திரி வீட்டுக்குப் போன பிறகும் அந்த வார்த்தைதான் காதில் இருந்தது. நல்ல டிரான்ஸ்ஃபார்மரை சார்ஜ் செய்தால் வி.சி.பி. ஏன் விழ வேண்டும்?

மறுநாள் வி.சி.பி.யை விழச் சொல்லும் ரிலேயைத் திறந்து செட்டிங் எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். லைன் கரண்டைச் சிறிதாக்கி ரிலேக்குக் கொடுக்கும் 22 கே.வி. சி.டி. 50/1, அதாவது 50 ஆம்பியர் 1 ஆம்பியராகும். ஹைசெட், அதாவது தாமதமே இல்லாமல் உடனே விழச் சொல்லும் செட்டிங், 250 ஆம்பியரில் இருந்தது. ஏ.சி.பி.யில் ஓவர்லோடுக்கான லாங்டைம் 1360 ஆம்பியர், அது சரி. ஷார்ட் ஆனால் சற்றுத் தாமதித்து விழச் சொல்லும் ஷார்ட்டைம் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. உடனே விழச் சொல்லும் இன்ஸ்டன்டேனியஸ் நாப் 4 மடங்கில், அதாவது 6400 ஆம்பியரில் நின்றது. யாரும் கணக்குப் போட்டு வைத்ததாகத் தெரியவில்லை, பெட்டியிலிருந்து எடுத்தபடியே இருந்திருக்கலாம்.

அப்புறம் மின்வாரியத்தில் எங்கள் இடத்துக்கான ஃபால்ட் லெவலும் (ஷார்ட் ஆனால் எவ்வளவு வரும் என்ற அளவு) துணை மின் நிலையத்தில் எங்கள் ஃபீடருக்கு உள்ள ரிலே செட்டிங்கும் கேட்டு எழுதினோம். மீட்டர், ரிலே சோதிக்கும் எம்.ஆர்.டி. பிரிவில் பொறுமையாக எடுத்துக் கொடுத்தார்கள். 22 கே.வி.யில் 180 எம்.வி.ஏ., அதாவது சுமார் 4,720 ஆம்பியர். ஃபீடர் ரிலே பிக்கப், அதாவது அது வேலை செய்யத் தொடங்கும் கரண்ட், 240 ஆம்பியர், விழும் நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் டி.எம்.எஸ். 0.1. இந்த இரண்டு விவரமும் இல்லாமல் யாரும் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். நான் அதற்கு முன்னால் ஒரு வாரம் உத்தேசமாகக் கிறுக்கிய தாள்கள் எல்லாம் குப்பைக்குத்தான் போயின.

கணக்கு பெரிதாக ஒன்றும் இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் இம்பீடன்ஸ், அதாவது கரண்டுக்கு அது காட்டும் தடை, பெயர்ப்பலகையில் 5 சதவீதம், மின்வாரியப் பக்கத்தையும் சேர்த்தால் 5.56 சதவீதம். 433 வோல்ட் பக்கம் முழு லோடு 1,333 ஆம்பியர், அதை 0.0556-ஆல் வகுத்தால் 24 கிலோ ஆம்பியர். மெயின் பேனலில் நேராக ஷார்ட் ஆனால் வருவது அது. 22 கே.வி. பக்கம் அதுவே 472 ஆம்பியராகத் தெரியும். எச்-பிளான்ட்டுக்கு 90 மீட்டர், 120 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கேபிள் போகிறது, அதன் ரெசிஸ்டன்ஸையும் சேர்த்தால் அங்கே 8.4 கிலோ ஆம்பியர்தான் வரும்.

இந்த எண்களைச் செட்டிங் பக்கத்தில் வைத்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. எச்-பிளான்ட்டில் 8,400 ஆம்பியர், ஏ.சி.பி. 6,400 தாண்டினால் உடனே விழும். எம்.சி.சி.பி.யும் உடனே விழும். இரண்டும் ஒரே ஓட்டப்பந்தயத்தில் ஓடியிருக்கின்றன. 22 கே.வி. ஹைசெட் 250 ஆம்பியர் என்பது 433 வோல்ட் பக்கம் 12,700 ஆம்பியர். பேனலுக்குப் பக்கத்து கிளாண்டில் வந்த ஷார்ட் 20 கிலோ ஆம்பியருக்குக் குறைந்திருக்காது, ஆகவே வி.சி.பி.யும் விழுந்தது. டிரான்ஸ்ஃபார்மரை சார்ஜ் செய்யும் நொடியில் இழுக்கும் இன்ரஷ் கரண்ட் முழு லோடைப் போல் 8 முதல் 12 மடங்கு வரை போகும். எங்கள் முழு லோடு 22 கே.வி.யில் 26 ஆம்பியர், 12 மடங்கு என்றால் 315. அலையின் எந்த இடத்தில் பிரேக்கர் மூடுகிறது என்பதைப் பொறுத்து சில தடவை 250-ஐத் தாண்டும், சில தடவை தாண்டாது. "ரெண்டாந்தடவை நின்னுக்கும்" என்பதற்குக் காரணம் இதுதான்! அண்ணனிடம் சொன்னபோது அவர் ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புது செட்டிங்கைக் கீழேயிருந்து மேலே கட்டினேன். எல்லாவற்றையும் ஒரே வோல்டேஜுக்கு மாற்றித்தான் வரைய வேண்டும். 22 கே.வி. ஆம்பியரை 50.8-ஆல் பெருக்கி 433 வோல்ட்டுக்குக் கொண்டுவந்தேன். கம்ப்யூட்டரில் ஷீட் போட்டேன், ஆனாலும் கடைசியில் லாக்-லாக் கிராஃப் தாளில் பென்சிலால் வரைந்தபோதுதான் எந்தக் கோடு எதை வெட்டுகிறது என்பது கண்ணில் பட்டது.

250 ஆம்பியர் எம்.சி.சி.பி.யின் மேக்னெட்டிக், அதாவது ஷார்ட்டில் உடனே விழச் சொல்லும் செட்டிங், 10 மடங்கில் இருந்தது, 6 மடங்குக்கு இறக்கினேன், 1,500 ஆம்பியர். இதற்குக் காரணம் ஜெனரேட்டர். எங்கள் 500 கே.வி.ஏ. ஜெனரேட்டர் முழு லோடு 667 ஆம்பியர், ஷார்ட் ஆனால் சற்று நேரத்தில் சுமார் மூன்று மடங்கில், 2,000 ஆம்பியரில் வந்து நிற்கும். மேக்னெட்டிக் 2,500-இல் இருந்தால் ஜெனரேட்டரில் ஓடும்போது ஷார்ட்டை அது ஷார்ட்டாகவே பார்க்காது, சூடாகி விழும்வரை கேபிள் வேக வேண்டியதுதான். இதை நான் தேடிப் போகவில்லை, தாளில் ஜெனரேட்டர் கோட்டையும் சும்மா போட்டுப் பார்த்ததில் தெரிந்தது. பயமாக இருந்தது.

630 ஆம்பியர் எம்.சி.சி.பி.யை 8 மடங்குக்கு இறக்கினேன், 5,040. அதில் 20 சதவீதம் மேலே போகலாம் என்று வைத்தால் 6,050. ஏ.சி.பி. ஷார்ட்டைமை 1360-இன் 5 மடங்கில், 6,800 ஆம்பியரில் வைத்தேன். அது 10 சதவீதம் கீழே வந்தாலும் 6,120. இடைவெளி மயிரிழைதான், ஆனால் இருக்கிறது. இன்ஸ்டன்டேனியஸை அணைத்துவிட்டேன். இதைச் செய்வதற்கு முன் ஏ.சி.பி.யின் பெயர்ப்பலகையைப் பார்க்க வேண்டும். எங்களுடையது 50 கிலோ ஆம்பியரை ஒரு வினாடி தாங்கும், வருவதோ 24. அந்தத் தாங்குதிறன் இல்லாத பிரேக்கரில் இன்ஸ்டன்டேனியஸை அணைக்கவே கூடாது.

ஷார்ட்டைம் தாமதத்தை முதலில் 0.2 வினாடி என்று எழுதினேன். 22 கே.வி. ரிலே அதற்குப் பிறகு வர வேண்டும். பிக்கப் 32 ஆம்பியர், 472 ஆம்பியர் என்பது அதன் 14.75 மடங்கு, கரண்ட் கூடக் கூட நேரம் குறையும் ஸ்டாண்டர்ட் இன்வர்ஸ் கர்வில் டி.எம்.எஸ். 1-க்கு 2.53 வினாடி. டி.எம்.எஸ். 0.2 வைத்தால் 0.5 வினாடி. மின்வாரிய ஃபீடர் ரிலே அதே 472 ஆம்பியருக்கு 1.03 வினாடி எடுக்கும். ஏ.சி.பி. 0.2, நாங்கள் 0.5, அவர்கள் 1.03. படிக்கட்டு மாதிரி அழகாக வந்தது, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

டெஸ்டிங் செய்யவந்த இன்ஜினியர் தாளைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த ஃபீடர்ல நீங்க மட்டும்தானா இருக்கீங்க?" நான் எங்கள் 472-ஐ மட்டும் எடுத்துக்கொண்டேன். அதே நேரத்தில் அந்த ஃபீடர் மற்ற மில்கள், தோட்டத்து மோட்டார்கள் எல்லாவற்றின் லோடையும் சுமந்துகொண்டிருக்கும். 150 ஆம்பியர் என்று வைத்தால் ஃபீடர் ரிலே பார்ப்பது 622, அதற்கு நேரம் 0.73 வினாடிதான். இடைவெளி 0.23-ஆகச் சுருங்கிவிட்டது. இரண்டு பிரேக்கரின் திறக்கும் நேரம், ரிலேயின் பிழை, சி.டி.யின் பிழை இவ்வளவையும் அதற்குள் அடைக்க முடியாது. எங்கள் ஷார்ட்டுக்கு ஊர் ஃபீடர் விழுந்தால் அந்தக் கோபம் நியாயமானதுதான்.

ஆகவே டி.எம்.எஸ். 0.15-க்கு இறங்கினேன், 0.38 வினாடி. மேலே 0.35 இடைவெளி கிடைத்தது. கீழே ஏ.சி.பி. தாமதத்தை 0.1-க்கு இறக்க வேண்டியதாயிற்று, அந்த ஏ.சி.பி.யின் கேட்லாக்கில் 0.1 என்று வைத்தால் 140 மில்லி வினாடிக்குள் முழுக்கத் திறந்துவிடும் என்று இருக்கிறது, அப்போது எங்கள் ரிலேக்கும் அதற்கும் நடுவில் 0.24. இறுக்கம்தான், ஆனால் இரண்டுமே எலக்ட்ரானிக் என்பதால் ஏற்றுக்கொண்டேன். 0.1 எனக்கு வேறொரு வகையிலும் நிம்மதி. அந்தப் பேனலுக்கு முன்னால் நின்று வேலை பார்ப்பவர்கள் எங்கள் ஆட்கள். பேனலுக்குள் ஷார்ட் ஆகித் தீ பறந்தால் ஒவ்வொரு பத்தில் ஒரு பங்கு வினாடிக்கும் அவர்கள் மேல் விழும் சூடு கூடும். வரிசை சரியாக வர வேண்டும் என்பதற்காகத் தாமதத்தை 0.4 வரை ஏற்றிவைப்பவர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

ஹைசெட்டை 650 ஆம்பியருக்கு ஏற்றினேன். 433 வோல்ட் பக்கம் எங்கே ஷார்ட் ஆனாலும் 472-க்கு மேல் தெரியாது, இன்ரஷ் 315-க்கு மேல் போகாது, 22 கே.வி. பக்கம் ஷார்ட் என்றால் ஆயிரக்கணக்கில் வரும். நடுவில் 650. சி.டி. 5பி10 ஆயிற்றே, அதாவது பத்து மடங்கு வரைதான் கணக்கு, 500 ஆம்பியருக்கு மேல் உண்மை சொல்லுமா என்று ஒரு சந்தேகம் இருந்தது. அது 15 வி.ஏ. சி.டி., நியூமரிக்கல் ரிலே அதன் மேல் வைக்கும் பாரம் மிகக் குறைவு, அதனால் பத்து மடங்கைத் தாண்டியும் நன்றாகத் தாக்குப்பிடிக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் தூக்கம் வந்தது.

எல்லா எம்.சி.சி.பி.யின் பெயர்ப்பலகையையும் படித்துக்கொண்டு போனதில் இன்னொன்று அகப்பட்டது. லைட்டிங் ஃபீடரில் இருந்த 100 ஆம்பியர் எம்.சி.சி.பி. 16 கிலோ ஆம்பியர் முறிக்கும் திறன் மட்டும் உள்ளது. அது உட்கார்ந்திருக்கும் பஸ்பாரில் 24 வரும். எந்த செட்டிங்கும் அதைக் காப்பாற்றாது. 36 கிலோ ஆம்பியர் உள்ளது ஒன்று 7,800 ரூபாய்க்கு வாங்கி மாற்றினோம்.

வேலை செய்ய நாள் வேண்டுமே, மில் இரவு பகலாக ஓடுகிறது. துணை மின் நிலையத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளைப் பிடித்துக்கொண்டோம், காலை 9 முதல் மாலை 4 வரை. கம்பத்தில் லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து எர்த் போட்டு, வி.சி.பி.யை வெளியே இழுத்துவைத்துத் தொடங்கினோம். ரிலேக்கு நேராகக் கரண்ட் கொடுத்துச் சோதிக்கும் செகண்டரி இன்ஜெக்ஷன் கிட்டும் இன்ஜினியரும் ஒரு நாளைக்கு 14,000 ரூபாய். ரிலேக்கு 9.44 ஆம்பியர் கொடுத்து நேரம் எடுத்தோம், அது 472-ஐ 50-ஆல் வகுத்தது. 0.38 எதிர்பார்த்தோம், 0.39 வந்தது. ஹைசெட் 13 ஆம்பியரில் சரியாக விழுந்தது. ஏ.சி.பி.க்குத் தயாரிப்பாளரின் டெஸ்ட் கிட். எல்லாம் நன்றாக முடிந்து 3:30-க்கு டீ குடித்தோம்.

4:10-க்குக் கரண்ட் வந்தது. வி.சி.பி. போட்டோம், முதல் தடவையே நின்றது. அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. கம்ப்ரஸர், எச்-பிளான்ட், ஒன்று, இரண்டு, மூன்றாவது ரிங் ஃபிரேம், டப்பென்று வி.சி.பி. விழுந்தது. எர்த் ஃபால்ட், அதாவது கரண்ட் தரைக்குப் போகிறது என்று ரிலே சொன்னது. எல்லோரும் கேபிளைத் தேடி ஓடத் தயாரானார்கள். நான் ரிலேயின் ரெக்கார்டைப் பார்த்தேன். ஆர் ஃபேஸ் 7 ஆம்பியர், ஒய் 7, பி 7, எர்த் 14. மூன்று ஃபேஸும் சமமாக இருக்கும்போது எர்த்தில் சரியாக இரண்டு மடங்கு! அப்படி வந்தால் ஒரு சி.டி. தலைகீழாக இருக்கிறது என்று அர்த்தம், வேறு எதுவும் இல்லை. டெஸ்டிங்குக்காகக் கழற்றிய பி ஃபேஸ் சி.டி.யின் இரண்டு முனை வயர்களை, எஸ்1-ஐயும் எஸ்2-ஐயும், மாற்றிப் போட்டது நான்தான். எர்த் ஃபால்ட் செட்டிங் 10 ஆம்பியர், லோடு 5 ஆம்பியரைத் தாண்டினாலே விழும் வழி. வி.சி.பி. திறந்திருப்பதை உறுதி செய்துகொண்டு மாற்றிப் போட்டோம், எர்த் பூஜ்யத்துக்கு வந்தது. செகண்டரி இன்ஜெக்ஷன் ரிலேயை மட்டும்தான் சோதிக்கும், சி.டி.யிலிருந்து ரிலே வரை உள்ள வயரை அது பார்ப்பதே இல்லை. இந்த 50 நிமிடத்தை நான் மறக்க மாட்டேன்.

மொத்தச் செலவு 38,300 ரூபாய், அதில் 16,500 தேவையில்லாத எம்.சி.சி.பி.

வியாழன் ராத்திரி என்ன நடந்தது என்பதைப் பேனலில் பார்த்தேன். 250 ஆம்பியர் எம்.சி.சி.பி.யின் கைப்பிடி நடுவில் நின்றது, அதாவது அது விழுந்திருந்தது, அந்த மோட்டாரின் பிரேக்கரும் விழுந்திருந்தது. அவை இரண்டும் சேர்ந்து விழுவதை என்னால் பிரிக்க முடியவில்லை, இரண்டுக்குமே தாமதம் வைக்க வழி இல்லை. அதனால் எச்-பிளான்ட் முழுக்க நின்றது, ஆனால் ஈரப்பதம் இறங்கி நூல் அறுவது கூடும் முன் ஆள் போய் மற்ற ஃபேன்களைப் போட்டுவிட்டார். ரிங் ஃபிரேம்கள் நிற்காததற்கு கேபிளுக்கும் பங்கு உண்டு. 90 மீட்டர் தள்ளி ஷார்ட் ஆனதால் மெயின் பேனலில் வோல்டேஜ் 80 சதவீதத்துக்குப் பக்கத்தில் நின்றது, மோட்டார்களுக்குக் கரண்ட் கொடுக்கும் கான்டாக்டர்கள் விடாமல் பிடித்துக்கொண்டன. அதே ஷார்ட் பேனலுக்குப் பக்கத்தில் என்றால் வோல்டேஜ் அடியோடு விழும், கான்டாக்டர்கள் விட்டுவிடும், ஏ.சி.பி. நின்றாலும் மில் நிற்கும்.

இன்னொரு தடவை செய்தால் முதலில் சி.டி. வயர்களுக்கு ஃபெருல் (அடையாள வளையம்) போட்டு போட்டோ எடுத்துவிட்டுத்தான் கழற்றுவேன், கடைசியில் சி.டி. வழியாகவே கரண்ட் செலுத்திப் பார்க்கும் பிரைமரி இன்ஜெக்ஷன் செய்யாமல் டீ குடிக்க மாட்டேன். டிரான்ஸ்ஃபார்மர் நியூட்ரலில் ஒரு சி.டி. வேண்டும். இது டெல்டா-ஸ்டார் என்பதால் 433 வோல்ட் பக்க எர்த் ஃபால்ட் 22 கே.வி. எர்த் ஃபால்ட் ரிலேக்குத் தெரியவே தெரியாது, டிரான்ஸ்ஃபார்மருக்கும் ஏ.சி.பி.க்கும் நடுவில் உள்ள பஸ்டக்ட் இப்போதைக்கு 22 கே.வி. ஓவர் கரண்ட் ரிலேயை மட்டுமே நம்பி இருக்கிறது. கொட்டேஷன் கேட்டிருக்கிறேன்.

செட்டிங் தாளை லாமினேட் செய்து, தேதி போட்டு, ஏ.சி.பி. கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம். எச்-பிளான்ட் மோட்டார்களின் டெர்மினல் பாக்ஸ் கேஸ்கெட் பதினான்கையும் இந்த ஞாயிறு மாற்றுகிறோம், ஒன்று 60 ரூபாய்.